உஷார்! முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்துவிட்டதா?

இன்று கையெழுத்துப் போடாதீர்கள். சரக்கை மூட்டை கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று யார் கேட்டாலும் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நம்மவர்கள் மசாலா அரைக்கிறார்கள், முறுக்கு சுடுகிறார்கள், ரவிக்கை தைக்கிறார்கள், பூஜைச் சாமான் விற்கிறார்கள். 2010 அக்டோபர் 27 அன்று அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தபோது, வாடிக்கையாளர் நம் தெருவுக்கு வருவார் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். இப்போது மெல்பர்னிலிருந்தும் லண்டனிலிருந்தும் துபாயிலிருந்தும் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்கள். "மாதம் ஒரு கண்டெய்னர் எடுத்துக்கொள்கிறோம், விலை சொல்லுங்கள்" என்று ஒரு வரி வந்தால் போதும், அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

நம் சிறுதொழில்காரர் நொடித்துப்போவது ஆர்டர் வராததால் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அவரைச் சாய்ப்பது பல நேரம் அந்த முதல் பெரிய ஆர்டர்தான். உள்ளூரில் ஒரு கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் நாலு பெட்டி சரக்கோடு போகும். நேரில் போய்ச் சத்தம் போட்டும் வாங்கலாம். கடல் தாண்டிய ஆர்டரில் உங்களுடைய ஆறு மாத முதலும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஏறிவிடுகிறது. அந்த முதலும் பெரும்பாலும் கடன். சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்புமி கடன் 2008 முதல் இருக்கிறது. 2024-இல் 'ஸ்புமி கோஸ் பிக்' திட்டத்துக்கு 3 கோடி வெள்ளியும், பேங்க் ராக்யாட்டின் பிரிஃப்-ஐ திட்டத்துக்கு 5 கோடி வெள்ளியும், அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கான பென் திட்டத்துக்கு 5 கோடி வெள்ளியும் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கடன் வாங்கிய பணம் கையில் இருக்கும் சமூகத்தைத் தேடி மோசடிக்காரனும் வருவான்.

கிள்ளானில் முறுக்குத் தொழில் நடத்தும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். மாவு, எண்ணெய், ஆள், எல்லாம் அவர் பொறுப்பு. கணினி வேலை தம்பி மகனுடையது. ஆஸ்திரேலியாவுக்குச் சரக்குப் போய்ச் சேர்ந்து, மீதிப் பணம் வரவேண்டிய வாரத்தில் அவர்கள் பட்டறையில் நடந்த பேச்சு இது.

"அத்தை, அவங்க கட்டிட்டாங்களாம். ரசீதும் அனுப்பியிருக்காங்க."

"நம்ம கணக்குல ஒண்ணும் வரலையேப்பா."

"பேங்க் மாத்திட்டோம், இனிமே புதுக் கணக்குல போடுங்கன்னு நாமதான் மெயில் போட்டோமாம்."

"நாமளா? நான் எப்போ மாத்தினேன்?"

அந்த மெயிலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியில் எம் என்ற ஆங்கில எழுத்து வரும். வந்திருந்த முகவரியில் அந்த இடத்தில் ஆர், என் என்ற இரண்டு சிற்றெழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. சாதாரண அளவில் எந்தக் கண்ணுக்கும் அது எம்மாகத்தான் தெரியும். பில் அவர்களுடைய பில். முத்திரை அவர்களுடைய முத்திரை. எண்ணும் தேதியும்கூட அச்சாக அதே. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. யாரோ பல வாரங்களாக அவர்களின் மின்னஞ்சலுக்குள் உட்கார்ந்து, சரக்கு எப்போது கிளம்புகிறது, பணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வாங்கியவர் பணம் கட்டிவிட்டேன் என்கிறார். விற்றவர் வரவில்லை என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. உலகம் முழுவதும் நடக்கும் மோசடி இது. இதற்கு ஒரே காப்பு, முதல் ஒப்பந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதிவிடுவது: "எங்கள் வங்கிக் கணக்கு மாறாது, மாறியதாகச் செய்தி வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் எங்களைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் போடுங்கள்." மெயிலில் வந்த எண்ணில் கூப்பிடக் கூடாது, அந்த எண்ணும் அவனுடையதாகத்தான் இருக்கும். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போடுங்கள். உங்கள் கணக்கிலிருந்தே தவறான இடத்துக்குப் பணம் போய்விட்டதென்றால், நொடி தாமதிக்காமல் வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தையும் அழையுங்கள். பிறகு போலீஸ் புகார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு. வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றால், நாளைக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இன்னொரு தந்திரம், பணம் அனுப்பியதற்கான வங்கித் தாளின் படம். "டி.டி. போட்டாச்சு, ஸ்லிப் பாருங்க, சரக்கை விடுங்க" என்பார்கள். அந்தப் படத்தை எவரும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். உங்கள் கணக்கில் பணம் விழுந்து, வங்கியும் ஆமாம் என்று சொன்னால் மட்டுமே அது பணம். தவறுதலாகக் கூடுதல் தொகையைக் காசோலையாக அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் இதே குடும்பம்தான். நீங்கள் அனுப்பிய மிச்சம் போன பிறகு அந்தக் காசோலை திரும்பி வரும்.

முன்பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க டெண்டர் உங்களுக்குத்தான், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று ஏதோ ஒரு நாட்டிலிருந்து கடிதம் வரும். எங்கள் ஊருக்கு வந்து ஒப்பந்தம் போடுங்கள், நோட்டரி செலவும் விருந்துச் செலவும் அதிகாரிகளுக்கான பரிசும் உங்களுடையது என்பார்கள். வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்கிறார் என்றால் அவர் வாங்குபவரே இல்லை.

சரி, வாங்குபவர் நல்லவராகவே இருக்கட்டும். அப்போதும் காப்பு வேண்டும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏற்றியதும் கப்பல் கம்பெனி ஒரு தாள் தரும். பில் ஆஃப் லேடிங் என்கிற அந்தத் தாளின் மூலப் பிரதி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அங்கே சரக்கைத் திறந்து கொடுப்பார்கள். அதுதான் உங்கள் பெட்டிக்குச் சாவி. 'அசல் தாள் வர நாளாகும், டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிடுங்கள்' என்று, அசல் இல்லாமலே சரக்கை விடச் சொல்லிக் கேட்பது தொழிலில் சகஜம். ஆனால் முழுப் பணமும் வந்து சேருவதற்கு முன்னால் அதைக் கொடுத்தால் சாவியைத் தூக்கிக் கொடுத்ததாக அர்த்தம். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங்கின் நகலைக் காட்டியதும், பணம் வந்த பிறகு அசல் என்று பேசி வையுங்கள். முதல் ஆர்டருக்கே 60 நாள் கடன் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் கொடுத்தே ஆகவேண்டிய பெரிய வியாபாரம் என்றால், எக்ஸிம் பேங்க் மலேசியாவிடம் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம், இருந்தால் கவலையில்லை என்று நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அங்கும் ஒரு குழி. 2007 முதல் நடப்பில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற அனைத்துலக எல்.சி. விதிகளின்படி, வங்கிகள் பார்ப்பது தாளைத்தான், சரக்கை அல்ல. எல்.சி.யில் ஒரு மாதிரியும் உங்கள் பில்லில் வேறு மாதிரியும் சரக்கின் விவரம் இருந்தால், கடைசி ஏற்றுமதித் தேதி ஒரே நாள் தாண்டியிருந்தால், ஒரு சான்றிதழ் குறைந்தால், வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம். நீங்கள் அனுப்பிய முறுக்கு எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எல்.சி.யின் வரைவு வந்த அன்றே உங்கள் வங்கி அதிகாரியோடும் ஃபார்வர்டிங் ஏஜெண்டோடும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். முடியாத நிபந்தனை இருந்தால் கப்பல் கிளம்பும் முன் மாற்றச் சொல்லுங்கள்.

இனி, பணத்தைவிட எனக்கு அதிகம் பதற்றம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெயர்.

"எஸ்எஸ்எம்-இல் பதிந்துவிட்டேன், பெயர் எனக்குத்தான் சொந்தம்." நம் கடைக்காரர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். தவறு. எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தின் பதிவு என்பது தொழில் நடத்தும் பதிவு. பொட்டலத்தில் இருக்கும் பெயரும் சின்னமும் உங்களுடையதாக வேண்டுமென்றால் மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் டிரேட்மார்க் பதிய வேண்டும். அதுவும் பொருளின் வகைக்கு வகை தனித்தனியாக. மசாலாத்தூள் 30-ஆம் வகை, ஊறுகாய் 29-ஆம் வகை, உணவகம் 43-ஆம் வகை. மசாலாவுக்கு மட்டும் பதிந்துவிட்டு ஊறுகாயையும் அதே பெயரில் விற்கிறவர்கள் ஏராளம்.

பெயருக்காக ஒரு சிறு கடை என்ன பாடுபடும் என்பதை நம் ஊர்க் கதையே சொல்லும். 1999-இல் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் மெக்கறி என்றொரு உணவகம் திறந்தது. மீன் தலைக் கறியும் ரொட்டி சானாயும் விற்ற நம்மவர் கடை. மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கம் என்றார் உரிமையாளர். 2001-இல் மெக்டோனல்ட்ஸ் வழக்குப் போட்டது. 2006-இல் உயர்நீதிமன்றம் அமெரிக்கக் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது; அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அன்று நாடே கைதட்டியது, எனக்கும் அது பெருமைதான். ஆனால் அந்த எட்டு வருடத்தை எண்ணிப் பாருங்கள். வெற்றிக்குப் பின் நீதிமன்றம் வழங்கச் சொன்ன செலவுத் தொகை 10,000 வெள்ளி. மேலும், அந்தத் தீர்ப்பு மலேசியாவுக்குள் மட்டும்தான். சிங்கப்பூரிலோ லண்டனிலோ அதே பெயரில் கடை திறந்திருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தின் கீழ் மறுபடி முதலிலிருந்து வாதாடியிருக்க வேண்டும். டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. பெரிய கம்பெனியும் இதற்கு விலக்கல்ல. பர்கர் கிங் 1971-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அடிலெய்டில் ஒரு சிறு கடை அந்தப் பெயரை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. அதனால்தான் அங்கே இன்றும் ஹங்ரி ஜாக்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பெயர் வைத்து விளம்பரம் செய்ய வசதி இருந்தது. உங்களுக்கு இருக்கிறதா?

நடக்கும் விதம் இதுதான். வெளிநாட்டு விநியோகஸ்தர் உங்கள் சரக்கை ஒரு வருடம் நன்றாக விற்கிறார். பெயர் பிடித்துப்போகிறது. அங்குள்ள அலுவலகத்தில் உங்கள் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்கிறார். "பாதுகாப்புக்குத்தான் அண்ணே, வேற யாராவது எடுத்துடப் போறாங்க" என்று உங்களிடமே சொல்வார். மறு வருடம் வேறொரு மில்லில் மலிவாக அரைத்து, உங்கள் சின்னம் போட்ட பொட்டலத்தில் அடைத்து விற்பார். அப்போது நீங்கள் சரக்கு அனுப்பினால், சட்டப்படி போலி உங்களுடையது. சீனா போல யார் முதலில் மனுச் செய்கிறாரோ அவருக்கே உரிமை தரும் நாடுகளில் இதை மீட்பது பெரும்பாடு.

தடுக்க வழி இருக்கிறது, நம்மவர்கள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. 2019 டிசம்பர் 27 அன்று நம் புதிய டிரேட்மார்க் சட்டம் நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்தே மலேசியா மெட்ரிட் உடன்படிக்கையிலும் இருக்கிறது. மைஐபிஓ வழியாக ஒரே மனு கொடுத்து இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா என்று வேண்டிய நாடுகளைக் குறிக்கலாம். இங்கே மனுக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் அங்கே கொடுத்தால், இங்கே கொடுத்த தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கணக்காகும். ஒன்று மட்டும் கவனம்: முதல் ஐந்து வருடத்துக்குள் இங்குள்ள மூலப் பதிவு விழுந்தால் அதை நம்பி நிற்கும் வெளிநாட்டுப் பதிவுகளும் விழும். ஆகவே மூலத்தைச் சரியாகச் செய்யுங்கள். ஹாங்காங் இந்த ஏற்பாட்டில் இல்லை, அங்கே தனியாகத்தான் பதிய வேண்டும். விநியோக ஒப்பந்தத்தில், பெயரையும் சின்னத்தையும் அதைப் போன்ற எதையும் விநியோகஸ்தர் தன் பெயரில் பதியக் கூடாது என்று எழுதுங்கள். ஒரு நாடு முழுவதற்கும் தனி உரிமை கேட்டால், வருடம் குறைந்தபட்சம் இத்தனை பெட்டி எடுக்காவிட்டால் உரிமை ரத்து என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அவர் விற்கவும் மாட்டார், வேறு யாரையும் விற்க விடவும் மாட்டார்.

டிரேட்மார்க் மனுப் போட்ட பிறகு இன்னொரு கூட்டம் வரும். உங்கள் விவரம் பொதுப் பதிவேட்டில் ஏறியதும், அரசாங்க அலுவலகம் போலப் பெயர் வைத்துக்கொண்டு, சின்னத்தோடும் முத்திரையோடும் பில் அனுப்புவார்கள். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவே இந்தப் போலிப் பில்கள் குறித்துப் பல வருடமாக எச்சரித்து வருகிறது. சீனாவிலிருந்து, "உங்கள் பெயரில் வேறொருவர் இணைய முகவரி பதியப் பார்க்கிறார், உடனே பணம் கட்டினால் காப்பாற்றித் தருகிறோம்" என்று வரும் மெயிலும் அதே ரகம். இவை எதற்கும் பணம் கட்ட வேண்டாம். உங்கள் டிரேட்மார்க் ஏஜெண்டிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்து லேபிள். பணமும் பெயரும் பத்திரமாக இருந்தும், ஒட்டியிருக்கும் துண்டுத்தாள் சரியில்லாததால் துறைமுகத்திலேயே அழிக்கப்பட்ட சரக்கு எவ்வளவோ. ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், பெருங்காயம், எண்ணெய், உப்பு. இங்கே எல்லாரும் சாப்பிடுவது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். லேபிளில் சொல்லியே ஆகவேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. கோதுமையும் அந்தப் பட்டியலில் உண்டு. அரிசி முறுக்குதானே, கோதுமை எங்கே வந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள், பரிசோதனைக் கூடம் நினைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் கனடாவிலும் கடுகுகூட ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊறுகாயில் கடுகு இல்லாதது எது? கனடாவுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் பால், முட்டை சேர்ந்த பொருளை அனுப்பக் கடுமையான உயிரிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. தீபாவளிக்குப் பால்கோவா கேட்கிறார்கள் என்று அள்ளி அனுப்பிவிடாதீர்கள், அந்நாட்டு அரசின் பைகான் தளத்தில் முதலில் பாருங்கள்.

இது வெறும் காகிதப் பிரச்சினை என்று எண்ணுபவர்களுக்கு 2024 ஏப்ரலை நினைவூட்டுகிறேன். ஏப்ரல் 5 அன்று ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம், எம்.டி.எச். நிறுவனத்தின் மெட்ராஸ் கறிப்பொடி, சாம்பார்ப் பொடி உள்ளிட்ட மூன்று பொருள்களிலும் எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்து விற்பனையை நிறுத்தச் சொன்னது. அடுத்த இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் அந்த மீன் மசாலாவைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. கிருமி கொல்ல அடிக்கும் வாயுதான் எத்திலீன் ஆக்சைடு. அமெரிக்காவில் மசாலாவுக்கு 7 பி.பி.எம். வரை அனுமதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை 0.1. ஒரே மூட்டை மிளகாய், ஒரு நாட்டில் நல்ல சரக்கு, இன்னொரு நாட்டில் குப்பை. அத்தனை பெரிய கம்பெனிகளுக்கே அந்த அடி என்றால், இந்தியாவிலிருந்து வரும் வரமிளகாயை மொத்தக் கடையில் வாங்கி அரைக்கும் நம் மில்காரருக்கு? வாங்கும்போதே, எந்த மூட்டை, எந்தத் தேதி, எந்த ஆய்வறிக்கை என்று கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒரு மூட்டை பிடிபட்டால் எல்லாவற்றையும் திரும்ப அழைக்காமல் அந்த ஒன்றை மட்டும் அழைக்க அந்தக் கோப்புதான் உதவும்.

அமெரிக்காவுக்கு உணவு அனுப்புகிறவர்கள் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யிடம் தொழிற்கூடத்தைப் பதிய வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். அங்கே ஒரு ஏஜெண்ட் இருக்க வேண்டும். இந்தப் பதிவுக்கு எஃப்.டி.ஏ. ஒரு காசும் வாங்குவதில்லை, சான்றிதழும் தருவதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு 'எஃப்.டி.ஏ. சான்றிதழ்' விற்க ஆள்கள் இருக்கிறார்கள். சின்னப் பார்சலாக வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு விற்காதீர்கள். இந்தோனேசியா பக்கம் பார்க்கிறவர்களுக்கு ஒரு தேதி: இறக்குமதியாகும் உணவுக்கு ஹலால் கட்டாயமாவதற்கான கடைசிக் கெடு 2026 அக்டோபர் 17. நம் சரக்கு சுத்த சைவம்தானே என்ற பதில் அங்கே செல்லாது.

விலை பேசும்போது மூன்றெழுத்துகளைப் பார்த்துப் பேசுங்கள். எஃப்.ஓ.பி. கிள்ளான் என்றால் கப்பலில் ஏற்றும் வரை உங்கள் பொறுப்பு. டி.டி.பி. என்றால் அவர் வாசல் வரை கப்பல் கூலி, அந்த ஊர் வரி, சுங்கம் எல்லாம் உங்கள் தலையில். விலை நல்லதாக இருக்கிறதே என்று டி.டி.பி.க்கு ஒப்புக்கொண்ட பிறகு அந்த நாட்டு வரி ஏறினால் லாபம் அத்தனையும் போய்விடும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, ஐரோப்பா போகும் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவைச் சுற்றியபோது கூலி எப்படி ஏறியது என்பதை கிள்ளான் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் யாரைக் கேட்டாலும் சொல்வார். அதைவிடக் கொடியது, அங்கே போன பெட்டியை வாங்குபவர் எடுக்காமல் விடுவது. நாள் கணக்கில் துறைமுக வாடகையும் கண்டெய்னர் தாமதக் கட்டணமும் ஓடும். வாங்குபவர் ஓடிவிட்டால் கப்பல் கம்பெனி அனுப்பியவரைத்தான் பிடிக்கும். சில வாரத்தில் கட்டணம் சரக்கு விலையையே தாண்டும். அந்த நேரம் பார்த்து வாங்குபவர் திரும்பி வந்து, "பாதி விலைக்குத் தருவதாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். சிலர் இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். முன்பணம் கணிசமாக வாங்குவது இதற்கும் சேர்த்துத்தான்.

எண்டர்பிரைஸ் என்று பதிந்து தனியாளாகத் தொழில் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். அந்தப் பதிவில் நீங்களும் தொழிலும் ஒன்று. வெளிநாட்டில் யாருக்காவது உங்கள் சரக்கால் ஒவ்வாமை வந்து வழக்கு விழுந்தால், வீடும் சேமிப்பும் கணக்கில் வரும். சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனி என்றால் பொதுவாகப் பொறுப்பு கம்பெனியோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. ஏற்றுமதி தொடங்கும் முன் கணக்காளரோடு இதைப் பேசி, பொருள் பொறுப்புக் காப்புறுதிக்கும் விலை கேளுங்கள். மாதாமாதம் கட்டும் தொகை கசக்கும். வழக்கறிஞர் கட்டணம் அதைவிடக் கசக்கும்.

உதவி இல்லாமல் இல்லை. 1993 முதல் இயங்கும் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமான மெட்ரேட்டின் வேலையே ஏற்றுமதியாளருக்கு உதவுவதுதான். அவர்களுடைய சந்தை மேம்பாட்டு மானியம் கண்காட்சிச் செலவுக்கும் மற்றவற்றுக்கும் உதவுகிறது. ஆனால் முதலில் நீங்கள் செலவு செய்து, பிறகு ரசீது காட்டித் திரும்பக் கேட்கும் மானியம் அது. மானியம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கி விமானம் ஏறாதீர்கள். மானியம் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று இடையில் வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மெட்ரேட்டுக்கு வெளிநாடுகளில் பல அலுவலகங்கள் உண்டு. வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் கொடுத்து, இப்படி ஒருவர் இருக்கிறாரா, தொழில் செய்கிறாரா என்று விசாரியுங்கள்.

நீங்களே வீட்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடியதும் இருக்கிறது. பிரிட்டன் கம்பெனி என்றால் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்திலும், ஆஸ்திரேலியா என்றால் ஏ.பி.என். தேடல் தளத்திலும், சிங்கப்பூர் என்றால் ஆக்ரா தளத்திலும் பெயரைத் தட்டுங்கள். அடிப்படை விவரம் இலவசம். பிரிட்டன் பதிவேட்டில் கம்பெனி எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார், கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா என்பது வரை வரும். ஆர்டர் தாளில் கையெழுத்திட்டவர் பெயர் அந்த இயக்குநர்களில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பதிவாகி மூன்று மாதமே ஆன கம்பெனி ஒரு முழுக் கண்டெய்னரைக் கடனுக்குக் கேட்டால், கொடுக்காதீர்கள்.